கீழே யாரும் இல்லாத வட்டம்

ஜூன் 1, ஞாயிறு

தேதியை முதலில் சொல்ல வேண்டும் என்று கதீஜா சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டேன். இனி நான் பேசப் பேச இந்தப் போன் எழுதிக்கொண்டே வருமாம். என்ன எழுதுகிறது என்று எனக்குத் தெரியாது. எண்கள் தெரியும். பஸ் நம்பர், தராசு நம்பர், காலண்டர் எல்லாம் பார்ப்பேன். எழுத்து தெரியாது. நம் ஊர்ப் பேச்சு இதற்குப் பிடிபடவில்லை. நான் பேசியதற்கு அது எழுதியதைப் பார்த்துக் கதீஜா சிரித்துவிட்டாள். அதனால் ரேடியோச் செய்தி மாதிரி பேசுகிறேன். எலுமிச்சை மண்டியில் நாற்பத்தொரு வருடம் மூன்று வேளையும் செய்தி கேட்டவன். அந்தத் தமிழ் வாயில் நிற்கும்.

என் பெயர் கருத்தையா. ஊர் புளியங்குடி. வயது எழுபத்து நான்கு. மண்டியை விட்ட பிறகு வாசகசாலையைத் திறந்து, கூட்டி, பூட்டுவது என் வேலை. வீட்டில் மகள் முப்பிடாதி, பேத்தி அபிநயா, நான். மருமகன் இறந்து ஒன்பது வருடம். முப்பிடாதி பீடி சுற்றுகிறாள். அபிநயா தென்காசி ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள்.

ஞாயிறுதோறும் வாசகசாலை மாடியில் ஏழெட்டுப் பேர் கம்ப்யூட்டரோடு வந்து உட்காருகிறார்கள். காலேஜில் தாவரவியல் நடத்துகிற ஜெரால்டு சார்தான் தலை. கதீஜா கடையநல்லூரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற பெண். யாருக்கும் சம்பளம் கிடையாது. இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதாம். அதில் மரபணு பற்றித் தமிழில் இருப்பதெல்லாம் அரைகுறையாம். ஆவணிக்குள் அறுபது கட்டுரையைச் சரிசெய்யப் போகிறார்களாம். தட்டத் தெரியாதவர்கள் பேசியே எழுதலாம் என்று எல்லாருக்கும் பழக்கினார்கள். டீ கொண்டுபோன எனக்கும் பழக்கிவிட்டார்கள். தினமும் எதையாவது பேசுங்கள், போனுக்கு உங்கள் குரல் பழகும் என்றாள் கதீஜா.

எதையாவது என்றால்? மழை இல்லை. முப்பிடாதி வற்றல் குழம்பு வைத்தாள். உப்பை மறந்துவிட்டாள். போதும்.

ஜூன் 3, செவ்வாய்

பீடிக்கடையில் முப்பிடாதி சுற்றிய பீடிக் கட்டுகளில் பாதியைக் கழித்துவிட்டார்கள். நுனி மடிப்பு சரியில்லையாம். இலை காய்ந்துபோய் வந்தால் யார் சுற்றினாலும் இப்படித்தான்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று மாடியில் ஒரு படம் பார்த்தேன். எழுத்தில்லாமல் படிக்கிற படம். சதுரம் என்றால் ஆண், வட்டம் என்றால் பெண். நடுவில் கோடு போட்டால் புருஷன் பெண்டாட்டி. அதிலிருந்து கீழே இறங்கினால் பிள்ளைகள். உள்ளே கறுப்பு அடித்திருந்தால் நோய் உள்ளவர். குறுக்கே ஒரு வெட்டு இருந்தால் இறந்தவர். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே அந்தப் படத்தை மேலிருந்து கீழே படித்துவிட்டேன். "இந்தப் பொம்பளைக்கு நோய் இல்ல. ஆனா இவ மூலமாப் பிள்ளைகளுக்குப் போயிருக்கு" என்றேன். ஜெரால்டு சார் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அது ஏதோ வெள்ளைக்கார ராணி குடும்பத்துப் படமாம். தமிழில் எந்தக் கட்டுரையிலும் அதே படம்தான் கிடக்கிறது, நம் வீடுகளில் மாமன் மகள், அக்காள் மகள் என்று கட்டுவதெல்லாம் அதில் எங்கே வருகிறது என்று சார் குறைப்பட்டார். கதீஜா எழுதிக்கொண்டிருப்பது ஹன்டிங்டன் நோய் என்ற ஒன்றைப் பற்றி. நாற்பது வயதுவாக்கில் வருமாம். முதலில் விரல் ஆடும், பிறகு கால், பிறகு நாக்கு, பிறகு மனசு. அதற்கு ஒரு நம் ஊர்ப் படம் இருந்தால் நன்றாக இருக்கும் என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கியிருக்கலாம். எனக்கு ஒரு வீட்டைத் தெரியும் என்றேன். மண்டிக்குக் காய் கொண்டுவருகிற வீடு என்று சொல்லிவைத்தேன். சார் பெரிய தாளை விரித்தார். ஒன்றரை மணி நேரம் சொன்னேன்.

மேலே ஒரு சதுரம், கறுப்பு. அவர் அக்காள் தங்கை மூன்று பேரையும் கட்டினார். மூத்தவள் பிரசவத்தில் போனாள், அடுத்தவளைக் கட்டினார். அவள் பாம்பு கடித்துப் போனாள், கடைசித் தங்கையைக் கட்டினார். மூன்று பேருக்குமாக ஒன்பது பிள்ளைகள். மூத்தவள் மகன் தன் அக்காள் மகளைக் கட்டினான், அதற்கு இரட்டைக் கோடு. நடுவிலவளுக்கு இரட்டைப் பிள்ளை, ஆணும் பெண்ணும். ஆண் கறுப்பு, பெண் வெள்ளை. இப்படியே நான்கு தலைமுறை. எவன் எந்த வயதில் ஆடத் தொடங்கினான், எவள் எந்த மாசியில் போனாள், எல்லாம் சொன்னேன். கதீஜா துள்ளிவிட்டாள். மூன்று பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது, அப்படியென்றால் தகப்பன் வழி என்று பார்த்த உடனே தெரிகிறதே, எந்தப் பாடப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவான படம் இல்லை என்றாள்.

மூன்றாமவள் வழியில் கடைசியாக ஒரு வட்டம் வந்தது. கறுப்பு, குறுக்கே வெட்டு.

"இவங்களுக்குக் கீழ அய்யா?" என்று கேட்டாள்.

"கீழ யாரும் இல்லம்மா. வாரிசு இல்ல."

சார் அந்த வட்டத்துக்கு அடியில் ஒரு சின்னக் கோட்டைப் போட்டு முடித்துவிட்டார்.

ஜூன் 9, திங்கள்

மஞ்சநத்திப்பட்டி வீரபுத்திரன் வீடு என்றால் அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. காலாட்டி வீடு என்றால்தான் தெரியும். உட்கார்ந்த இடத்தில் கால் நிலைக்காது. சாமி இறங்கி, மலையேறாமல் நின்றுவிட்டது என்பார்கள். கோடாங்கி வந்து குறி சொல்லிப் போவான்.

கல்யாணத்துக்கு முன் எனக்கு யாரும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரி பேச்சித்தாய்க்கும் தெரியாது. அவளுடைய தகப்பன் ஆடிக்கொண்டு கட்டிலில் கிடந்ததைக் குடியினால் என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

பேச்சித்தாய் ஐம்பத்தோராவது வயதில் போனாள். கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போய் வழுக்கி விழுந்தாள். போலீசிலும் அப்படித்தான் சொன்னேன். தெருவில் குழாய் வந்து அப்போது எட்டு வருடம் ஆகியிருந்தது.

அபிநயாவுக்கு வரன் வந்திருக்கிறது. சங்கரன்கோவில் பக்கம். பையன் மின்வாரியத்தில் இருக்கிறான். அவள் கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும். எனக்கு இப்போது இருப்பது அந்த ஒரு நினைப்புதான்.

ஜூன் 12, வியாழன்

முப்பிடாதி செம்பைக் கீழே போட்டாள். தரை ஈரம்.

வாசகசாலை மின்விசிறியைத் துடைத்தேன். வார இதழ்களை மாதவாரியாகக் கட்டினேன். மேலட்டையில் இருக்கும் படத்தை வைத்துத்தான் நான் அடுக்குவது, இதுவரை ஒன்று பிசகியதில்லை.

ஜூன் 15, ஞாயிறு

கதீஜா தன் கட்டுரையை வாசித்துக் காட்டினாள். கேட்பவருக்குப் புரிகிறதா என்று பார்க்க என்னை உட்காரவைத்தார்கள்.

நம் உடம்புக்குள் ஓர் எழுத்து இருக்கிறதாம். அதில் ஓர் இடத்தில் மூன்று எழுத்து திரும்பத் திரும்ப வரும். எல்லாருக்கும் வரும். முப்பத்தைந்து தடவை வரைக்கும் கெடுதல் இல்லை. நாற்பது தடவை, அதற்கு மேலே போனால் அந்த ஆளுக்கு ஒருநாள் நோய் வந்தே தீரும். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி.

பாதிக்குப் பாதி என்றால் நான்கு பிள்ளையில் இரண்டுக்கு வருமா என்று கேட்டேன். அப்படிக் கிடையாது என்றாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலிலிருந்து ஆரம்பம். நான்குக்கும் வரலாம், ஒன்றுக்கும் வராமலும் போகலாம். ஒரு பிள்ளைக்கு வரவில்லை என்றால் அந்தப் பிள்ளையோடு அந்தக் கிளையில் முடிந்தது. தாண்டிப் பேரப்பிள்ளைக்குப் போகாது.

வீட்டுக்கு வருகிற வழியில் மனசுக்குள் எண்ணினேன். காலாட்டி வீட்டில் கறுப்பு அடித்தவர்களுக்குப் பிறந்து பெரியவர்களாகி வாழ்ந்தவர்கள் இருபத்தாறு பேர். அதில் ஆடியவர்கள் பதின்மூன்று. திரும்ப எண்ணினேன். பதின்மூன்றுதான். பேச்சித்தாயின் மகளைச் சேர்க்காமல் எண்ணியது அது.

இந்த நோய்க்கு மருந்து உண்டா என்று கதீஜாவிடம் கேட்க மறந்துவிட்டேன். மறக்கவில்லை. கேட்கவில்லை.

ஜூன் 18, புதன்

பெண் பார்க்க வந்தார்கள். பையன் இளங்குமரன், அவன் தாய், தகப்பன் உலகநாதன். உலகநாதன் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு தடவை கேட்கிற மனிதர். எங்கள் வீட்டு வாசல் எந்தத் திசை என்பதையே இரண்டு தடவை கேட்டார்.

காபித் தட்டை முப்பிடாதி எடுக்கவில்லை. அபிநயாதான் எடுத்து வந்தாள். முப்பிடாதி கதவோரம் நின்று சேலை முந்தானைக்குள் இரண்டு கையையும் சுற்றிக்கொண்டிருந்தாள். பையனின் தாய், "என்ன மைனி, குளிருதோ" என்று கேலி செய்தாள். கூச்சம் என்று நான் சொன்னேன்.

பெண்ணும் பையனும் பத்து நிமிடம் பேசினார்கள். பேசிவிட்டு உள்ளே வந்த அபிநயாவின் முகத்தைப் பார்த்தேன். பிடித்திருக்கிறது. ஆடி பிறப்பதற்கு முன்பு, ஜூலை பதின்மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் என்று பேசி முடித்தோம்.

போகும்போது உலகநாதன், "சம்மந்தி, உங்க வீட்டம்மா எந்த ஊரு?" என்றார்.

மஞ்சநத்திப்பட்டி என்றேன். வேறு ஊரைச் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லக் கூடாது என்று நினைத்து உண்மையைச் சொன்னேன் என்று இல்லை. வாய் முந்திக்கொண்டது.

ஜூன் 22, ஞாயிறு

படத்தைக் கம்ப்யூட்டரில் அழகாக வரைந்து கட்டுரையில் போட்டுவிட்டார்கள். பெயர் எதுவும் இல்லை. சதுரமும் வட்டமும் மட்டும்.

இந்தக் களஞ்சியத்தில் ஒருவர் செய்ததை இன்னொருவர் கேள்வி கேட்கலாமாம். கேள்விக்கென்று கட்டுரைக்குப் பின்னால் ஒரு பக்கம் இருக்கிறது. அதில் ஓர் அம்மா எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கனடாவில் டாக்டராக இருந்தவராம். இவர்கள் யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை. அவர் எழுதியதைக் கதீஜா வாசித்தாள். இது உண்மையான குடும்பமா, அவர்கள் சம்மதித்தார்களா, இல்லையென்றால் வடிவத்தை மாற்றுங்கள், பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறையுங்கள், சதுரத்தை வட்டமாக்குங்கள் என்று இருந்தது.

ஜெரால்டு சாருக்குக் கோபம். இது விளக்கத்துக்கான மாதிரிப் படம்தான் என்று பதில் போட்டார். மூன்று பெண்டாட்டியை எடுத்துவிட்டால் படத்தின் உயிரே போய்விடும் என்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"பேரே இல்லையே அய்யா. கட்டத்தைப் பாத்து யாருக்கு என்ன தெரியப்போவுது?"

எனக்கும் அப்போது அது சரியென்றுதான் பட்டது. நான் பெயரைக் கேட்டு ஆளை நினைவு வைத்தவன் இல்லை. யாருக்கு யார் என்ன முறை என்பதை வைத்துத்தான் இந்தச் சுற்றுவட்டாரத்தையே நினைவு வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றுகிறது, என்னைப் போல இன்னொருவன் இருந்தால்?

ஜூன் 26, வியாழன்

முப்பிடாதி மூன்று நாளாகப் பீடித் தட்டை எடுக்கவில்லை. நிச்சயத்துக்கு வீட்டை வெள்ளையடிக்கிற வேலை இருக்கிறது என்றாள். வெள்ளை நான்தான் அடிக்கிறேன்.

ஜூலை 2, புதன்

களஞ்சியத்தின் முதல் பக்கத்தில் இன்றைக்கு நம் படம். தினம் ஒரு நல்ல படத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே வைப்பார்களாம். ஜெரால்டு சார் காலையிலேயே வாசகசாலைக்கு வந்து போனைக் காட்டினார். காலேஜ் வாட்ஸப்பில் போட்டிருக்கிறார். அவருடைய மாணவர்கள் அவரவர் ஊர் வாட்ஸப்பில் போட்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு லட்டு கொடுத்தார். உங்கள் ஞாபகத்தை உலகமே பார்க்கிறது அய்யா என்றார்.

லட்டை அபிநயாவுக்கு எடுத்துவந்தேன். எதற்கு என்று கேட்டாள். சும்மா என்றேன்.

ஜூலை 3, வியாழன்

பத்து மணிக்கு வாசகசாலைக்கு உலகநாதன் வந்தார். தனியாக. பேப்பர் படிக்கிற மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து போனை வைத்தார். அந்தப் படம்.

அவர் மஞ்சநத்திப்பட்டிப் பக்கத்துக்கு ஆறு வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்திருக்கிறார். அந்த வீட்டில் யார் செத்தாலும் வாரிசுச் சான்றுக்கு விசாரித்து எழுதியது அவர்தான். விரலை மேலே உள்ள சதுரத்தில் வைத்தார்.

"அக்கா தங்கச்சி மூணு பேரையும் கட்டினது, ஒன்பது புள்ள, அதுல ஒரு ரெட்டை. இந்தத் தாலுகாவுலயே ஒருத்தருதான் சம்மந்தி. காலாட்டி வீடு."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

நேற்று மாலை இதைப் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை என்றார். என் வீட்டுக்காரி மஞ்சநத்திப்பட்டி என்று நான் சொன்னது அவர் காதிலேயே நின்றிருக்கிறது. விடியும்போதே எழுந்து உட்கார்ந்து ஒவ்வொரு வட்டமாகப் பார்த்தாராம். அந்த வீட்டுப் பெண்கள் எல்லாரையும் அவருக்குத் தெரியும். எந்த ஊரில் கட்டிக்கொடுத்தது, எத்தனை பிள்ளை, எல்லாம் பொருந்துகிறது. ஒருத்தி மட்டும் பிடிபடவில்லை. அவர் வேலைக்கு வருவதற்கு முன்பே வெளியூருக்குப் போனவள். அவருடைய விரல் கீழே இறங்கி அந்தக் கடைசி வட்டத்தில் நின்றது.

"இது உங்க வீட்டம்மாவா இருக்குமோன்னுதான் பயந்தேன். பெறகு பாத்தா, இந்தப் பொம்பளைக்குப் புள்ளையே கெடையாது. உங்களுக்கு மக இருக்கு, பேத்தி இருக்கு. அப்ப உங்க வீட்டம்மா அதே ஊருல வேற வீடு. காலேஜு வாத்தியாரு போட்ட படம், தப்பா இருக்காது. சரிதானே சம்மந்தி?"

சந்தேகம் தீர்ந்த சிரிப்போடு என்னைப் பார்த்தார். நல்ல மனிதர். எதையும் இரண்டு தடவை கேட்கிறவர், இன்னொரு தடவையும் கேட்டார்.

"சரிதானே?"

"சரிதான்" என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

உலகநாதன் வந்து போனதை முப்பிடாதியிடம் சொன்னேன். அபிநயா வேலைக்குப் போயிருந்தாள். முப்பிடாதி அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் முழுவதும் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் தலையைத் தூக்கவில்லை. அந்தப் படத்தில் அவளுடைய அம்மாவுக்கு வாரிசு இல்லை என்று நான் சொன்னதையும் சொன்னேன்.

கடைசியில் கேட்டாள்.

"எப்பா, அம்மைக்கு மொதல்ல எந்தக் கையில வந்துச்சு?"

"இடது கை. சுண்டு விரலு."

"எனக்குப் பெருவிரலு" என்றாள். கல்லை எடுத்து வெளியே எறிந்தாள். "வலது."

எப்போதிருந்து என்று கேட்டேன். தைப்பொங்கலிலிருந்து என்றாள். நான் கவனிக்கவே இல்லை.

நிச்சயம் முடியட்டும், கல்யாணமும் முடியட்டும், அதற்குப் பிறகு தன்னை எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போய்க் காட்டு என்றாள். அபிநயாவிடம் இப்போது சொன்னால் அவளே வேண்டாம் என்று நிறுத்திவிடுவாள், அவளை எனக்குத் தெரியும் என்றாள். பிறகு முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். எழும்போது முறத்தில் பாதி அரிசி சிந்தியது. இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினோம்.

ஜூலை 6, ஞாயிறு

அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லி ஜெரால்டு சாரிடம் கேட்டேன். ஒருவர் பார்த்து வீட்டை அடையாளம் கண்டுவிட்டார் என்று மட்டும் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்தார். உடனே கட்டுரையிலிருந்து எடுத்தார். எடுத்துவிட்டேன் அய்யா, பாருங்கள் என்று காட்டினார். படம் இருந்த இடத்தில் எழுத்து ஏறி நின்றது.

அப்படியானால் போய்விட்டதா என்று கேட்டேன். கதீஜாதான் சொன்னாள். இந்தக் களஞ்சியத்தில் எடுத்தது எதுவும் போகாதாம். யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எதைப் போட்டார், எதை எடுத்தார் என்பது முழுவதும் பின்னால் வரலாறு என்று ஒரு பக்கத்தில் நிற்குமாம். யாரும் தப்புச் செய்தால் திரும்பப் பழையதைக் கொண்டுவருவதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. அது மட்டுமில்லை. மலையாளத்திலும் தெலுங்கிலும் இந்தப் படத்தை எடுத்துத் தங்கள் கட்டுரையில் வைத்துவிட்டார்கள். அதற்கு அதிகாரம் உள்ள கனடா அம்மாவுக்கு எழுதி, வரலாற்றிலும் மறைக்கச் சொல்லலாம், நாளாகும் என்றாள். அந்த அம்மா அன்றைக்குச் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று ஜெரால்டு சார் யாரையும் பார்க்காமல் சொன்னார்.

நான் டீ கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு கீழே வந்தேன். கதீஜா பின்னாலேயே வந்தாள். குழாயடியில் நின்றுகொண்டாள்.

"அந்தக் கடைசி வட்டத்துக்குக் கீழ யாரு அய்யா?"

கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னேன். "என் மவ."

"அவளுக்குக் கீழ?"

"ஒரே பேத்தி. இருபத்திமூணு வயசு. வார ஞாயித்துக்கெழமை நிச்சயம்."

அவள் குழாயை மூடினாள். நான் மூட மறந்திருந்தேன். மருந்து உண்டா என்று அப்போதுதான் கேட்டேன். ஆட்டத்தைக் கொஞ்சம் தணிக்க உண்டு, நோயை நிறுத்த இதுவரை இல்லை என்றாள். மகளுக்கு இருக்கிறதா, பேத்திக்கு இருக்கிறதா என்பதை ரத்தத்தில் பார்க்கலாம். ஆனால் யாரையும் கட்டாயப்படுத்திப் பார்க்கக் கூடாதாம். முதலில் உட்காரவைத்துப் பேசுவார்கள். கேட்டுவிட்டு, எனக்குத் தெரிய வேண்டாம் என்று எழுந்து போகவும் உரிமை உண்டாம்.

அப்படியென்றால் பேத்தி வேண்டாம் என்றே சொல்லட்டுமே, நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

"வேண்டாம்னு சொல்லணும்னாலும் விஷயம் அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும்லா அய்யா. அவளுக்குப் பதிலா நீங்க சொல்ல முடியாதுல்லா."

ஜூலை 8, செவ்வாய்

சொல்லவில்லை. அபிநயா நிச்சயப் புடவையைத் தோளில் போட்டுக் காட்டினாள். மாம்பழ நிறம்.

ஜூலை 9, புதன்

இன்றும் சொல்லவில்லை. உலகநாதன் போன் செய்து பந்தலுக்கு எத்தனை நாற்காலி என்று இரண்டு தடவை கேட்டார்.

ஜூலை 11, வெள்ளி

அபிநயா இன்றிலிருந்து லீவு. பதினொரு மணி இருக்கும். பூத்தொடுக்கிறவளுக்குச் சொல்லிவிட்டு வந்து, நடுவீட்டில் உட்கார்ந்து வெற்றிலைத் தட்டுக்களை எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பிடாதி அடுப்படியில் இருந்தாள். நான் எதிரே போய் உட்கார்ந்தேன். உட்காரும்போது கூட வேறு எதையோ பேசத்தான் நினைத்தேன்.

"உங்க ஆச்சி கிணத்துல வழுக்கி விழல" என்றேன்.

அந்தப் பேச்சை எடுத்துவிட்ட பிறகு நிறுத்த முடியவில்லை. மஞ்சநத்திப்பட்டியிலிருந்து தொடங்கினேன். வீரபுத்திரன், மூன்று பெண்டாட்டி, ஒன்பது பிள்ளை, கட்டிலில் ஆடிக் கிடந்த என் மாமனார். பேச்சித்தாய்க்குச் சுண்டு விரலில் வந்ததிலிருந்து, கடைசி வருடம் அவள் கையில் தம்ளர் கொடுக்காமல் நானே ஊற்றிவிட்டது வரைக்கும். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. முப்பிடாதி வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிறுத்து என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கதீஜா சொன்ன பாதிக்குப் பாதியைச் சொன்னேன். ரத்தப் பரிசோதனையைச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் சொன்னேன். பிறகு உலகநாதன் வந்ததையும், படத்தைக் காட்டிக் கேட்டதையும், சரிதான் என்று நான் சொன்னதையும்.

அபிநயா அழவில்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள், அம்மாவின் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அம்மா இருக்கும்போதே, வாரிசு இல்லன்னா சொன்னீங்க தாத்தா?"

முப்பிடாதிதான் பேசினாள்.

"நானும்தான் ஆறு மாசமா ஒனக்குக் கைய மறைச்சேன். அவரு ஒருத்தர மட்டும் என்னத்துக்குக் கேக்க?"

அபிநயா தட்டுக்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் வைத்தாள். எழுந்து முகம் கழுவினாள். துண்டால் துடைத்துக்கொண்டு வந்து, அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். தனக்குப் பரிசோதனை வேண்டுமா வேண்டாமா என்று இன்றைக்குத் தெரியவில்லை என்றாள். ஆனால் அம்மாவைத் திங்கட்கிழமை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், அந்தக் கதீஜா அக்காவின் நம்பரைக் கொடுங்கள் என்றாள். நம்பரை நான் மனப்பாடமாகச் சொன்னேன். பதித்துக்கொண்டாள். பிறகு வேறொரு நம்பரைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி போனை எங்கள் நடுவில் தரையில் வைத்தாள்.

"யாருக்கும்மா?" என்றாள் முப்பிடாதி.

"அவருக்குத்தான்."

முப்பிடாதி போனை எடுக்கக் கையை நீட்டினாள். அந்தக் கை அங்கேயே நின்று ஆடிக்கொண்டிருந்தது. அபிநயா அதைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

நாலாவது மணியில் இளங்குமரன் எடுத்தான். நாற்காலி வந்துவிட்டதா என்று சிரித்தபடி கேட்டான். அபிநயா, பக்கத்தில் யாரும் இருந்தால் கொஞ்சம் தள்ளி வாருங்கள் என்றாள். ஏதோ ஒரு கதவு திறந்து மூடியது. ம், சொல்லு என்றான்.

அவள் முதலில் நோயைச் சொல்லவில்லை.

"நான் முப்பிடாதி மக. எங்கம்மா பேச்சித்தாய் மக. பேச்சித்தாய் மஞ்சநத்திப்பட்டி வீரபுத்திரன் பேத்தி. ஒங்க அப்பா படத்துல பாத்த வீடு அதுதான். அந்தப் படத்துல எங்கம்மாவ விட்டுட்டாங்க. நானும் அதுல இல்ல."

போனில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன, அதனால் அவன் வைத்துவிடவில்லை என்று தெரிந்தது. அவன் நின்ற தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் தூரத்திலிருந்து வந்து, கடந்து, போய்ச் சேர்கிற வரைக்கும் மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.